தகடு சொன்ன கியர்பொக்ஸ்

அழகனுக்கு இடது கால் முழங்காலோடு சரி. அதற்குக் கீழே ஆஸ்பத்திரியில் கொடுத்த கால். தொண்ணூற்று மூன்றாம் வருடம் உரம் ஏற்றிய டிரெக்டர் பெட்டி கொக்கி கழன்று பின்னால் உருண்டு வந்தபோது, பெட்டிக்கும் ஸ்டோர் சுவருக்கும் நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான். அதுவரை நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவன்தான் லொறி டிரைவர். நல்ல டிரைவர் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்வதற்கு இல்லை. மலைப் பாதையில் பன்னிரண்டு வருடம் ஓட்டி ஒருவரையும் சாகடிக்காதவனைப் பற்றித் தோட்டத்தில் அவ்வளவுதான் சொல்வார்கள்.

கால் போன பிறகு மூன்று வருடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் காவல் வேலை. கூடையை யாரும் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. காவல் என்பது அவனுக்கு ஒரு பெயர் கொடுப்பதற்காக ஏற்பட்ட வேலை என்பது எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். லொறி கணேசமூர்த்தி கைக்குப் போயிற்று. பத்து வயது இளையவன், வாய் ஓயாதவன்.

தொண்ணூற்றாறில் பிக்கப் வந்தது. அப்போது தோட்ட மனேஜராக இருந்த துரை கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய டீசல் வண்டி. ஜப்பானில் எவ்வளவு ஓடியதோ யாருக்கும் தெரியாது. இறக்கிவிட்டு ஏறிப் பார்த்தால் காலடியில் இரண்டு மிதிகள்தான் இருந்தன. கிளச் இல்லை. கியரைப் போட்டுவிட்டால் தானே மாறிக்கொள்ளும் வண்டி. ஃபெக்டரி வாசலில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

"கிளச்சு இல்லாம இது எப்படிய்யா மலை ஏறும்?" என்றார் ஒருவர்.

"ஒரு காலுக்குத்தான் வேல இருக்கு. நொண்டி வண்டிங்க இது," என்றான் கணேசமூர்த்தி. "நம்ம அழகண்ணனக் கூப்புடுங்க. ரெண்டுக்கும் ஜோடிப் பொருத்தம்."

கூட்டம் சிரித்தது. துரைக்கு யாரோ ஒருவர் அதை விளங்கப்படுத்தினார். துரை சிரிக்கவில்லை. "எங்க அவன்? கூட்டிட்டு வா" என்றார். அப்படித்தான், ஒரு கேலியின் வழியாக, அழகனுக்கு ஸ்டீயரிங் திரும்பக் கிடைத்தது. அவனுடைய லைசென்ஸில் கால் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒருவரும் எழுதச் சொல்லவும் இல்லை.

அதோடு ஃபெக்டரிக்குப் பக்கத்தில் டிரைவருக்கென்று இருந்த தனி வீடும் கிடைத்தது. லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு பைப். இங்கே வீட்டுக்குள்ளேயே பைப். அவன் மனைவி மீனம்மா முதல் நாள் அந்தக் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஐந்து நிமிடம் நின்றாள்.

லொறி போக முடியாத, தோட்டத்தின் மேல்மலையான மேப்பிரிவுக்கு பிக்கப் போகும். மருந்து டின், உரம், திரும்பும்போது கொழுந்துச் சாக்கு. பிள்ளைப் பேற்றுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். ஐந்து வருடம் அப்படி ஓடியது. தோட்டத்தில் ஒருவன் தன்னைப் பற்றி மறந்திருக்கக் கிடைக்கும் காலம் அவ்வளவு நீளமாக இருப்பது அரிது.

இரண்டாயிரத்தொன்று தைப்பொங்கல் கழிந்த வாரம், மேப்பிரிவு ஏற்றத்தில், பத்துச் சாக்குக் கொழுந்துடன், எஞ்சின் சத்தம் போட்டது, வண்டி நகரவில்லை. மிதித்தான். சத்தம்தான் கூடியது. கொஞ்சம் பின்னால் போகவிட்டுத் திரும்ப மிதித்தபோது பிடித்துக்கொண்டு ஏறியது. மறுநாளும் அப்படியே. அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான். கியர் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தது. கருகிய வெல்லப்பாகு வாடை.

அப்போது துரை மாறியிருந்தார். புதியவர் இளைஞர். கோபப்படாதவர், கோபப்படாதவர்களிடம் கெஞ்சவும் முடியாது. தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "பழனியாண்டி, கம்பனி ஒரு தரம் செய்யக் காசு தரும். ஒரே தரம். சித்திரை லீவுக்குள்ள மேப்பிரிவு ஏறினா நீ ஓட்டு. இல்லாட்டி வண்டிய டென்டருக்குப் போடுவோம். புது வண்டி கிளச் வண்டிதான் வரும்."

புது வண்டி கிளச் வண்டி என்றால் அதன் பொருள் இருவருக்கும் விளங்கியது.

துரை அவனைப் பழனியாண்டி என்றது தவறல்ல. செக்ரோலில், தோட்டத்துப் பேரேட்டில், அவன் பெயர் அதுதான். பழனியாண்டி என்பது அவனுக்கு மூன்று வருடம் மூத்து, ஒன்றரை வயதில் காய்ச்சலில் போன அண்ணன். அந்தப் பிள்ளையின் பிறப்பு பதிவாகியிருந்தது. சாவு பதிவாகவில்லை. அழகன் பிறந்தது பதிவாகவே இல்லை. அவனை வேலைக்குப் பேர் பதிய அப்பா கூட்டிக்கொண்டு போன அன்று பெரிய கிளாக்கர் பழைய ஏட்டைப் புரட்டி, "பழனியாண்டின்னு ஒரு மகன் இருக்கே, இவன்தானே?" என்று கேட்டார். அப்பா ஒரு கணம்தான் யோசித்தார். ஏட்டில் ஒரு பிள்ளை, வீட்டில் ஒரு பிள்ளை. கணக்கு சரியாக இருந்தது. "ஆமாங்க," என்றார். அன்றிலிருந்து செத்தவன் சம்பளம் வாங்கினான், அடையாள அட்டை எடுத்தான், மீனம்மாவைக் கல்யாணம் பதிந்தான். அழகன் என்பது லயத்துக்குள் கூப்பிடும் பெயராக மட்டும் மிஞ்சியது. தனக்குள்ளே எது நிஜம் என்று அவன் கேட்டுக்கொண்டதில்லை. உடம்பும் ஏடும் ஒத்துவராவிட்டால் உடம்புதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அவன் யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டிருந்தான்.

முதலில், வண்டியில் இருந்த கியர்பொக்ஸ் என்ன வகை என்று தெரிய வேண்டும். வகை தெரியாமல் சாமானும் வாங்க முடியாது, பழுதும் பார்க்க முடியாது. நோர்வூட் கராஜில் கேட்டதற்கு, "ஓட்டோ கியரா? அத நாங்க தொட மாட்டோம் அண்ணே, உள்ள ஆயிரம் சின்னச் சாமான் இருக்கு" என்று கைவிரித்தார்கள். அழகன் எஞ்சின் மூடியைத் தூக்கி, பின்சுவரில் துருப் பிடித்திருந்த சின்னத் தகட்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். எழுத்தும் இலக்கமுமாக நான்கு வரி. மேலே ஒரு தாளை வைத்து பென்சிலால் உரசினான். எழுத்துகள் வெள்ளையாக மேலே வந்தன. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டகலைக்குப் போனான்.

கொட்டகலையில் சிவபாதம் மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து விஞ்ஞானம் படிப்பிக்க வந்து, போக வழியில்லாமல் பதினெட்டு வருடமாகத் தங்கிவிட்டவர். தன்னுடைய பழைய காரைத் தானே கழற்றிப் பூட்டுவதற்காகச் சேர்த்த ஆங்கிலப் புத்தகங்கள் அவருடைய அறையில் பாதியை நிறைத்திருந்தன. முன்பு ஒருமுறை அவருடைய கார் ரோட்டில் நின்றபோது அழகன்தான் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். பழக்கம் அவ்வளவுதான்.

மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். வெகுநேரம் புரட்டினார்.

"இந்தத் தகடு சொல்லுறபடி பாத்தால் உங்கட பொக்ஸ் நாலு கியர். மேல் கியரிலை உள்ளுக்கை ஒரு பூட்டு விழும். எண்ணெய் சூடாகாது. நல்ல சாமான். உங்கட வண்டியிலை ஓடேக்கை எத்தினை தரம் மாறுது?"

"ரெண்டு தடவதாங்க மாறும்."

"அப்ப மூண்டு கியர்தானே வேலை செய்யுது. நாலாவது செத்துப்போச்சோ, இல்லாட்டி முதலே இல்லையோ?"

"செத்திருக்குங்க, மாஸ்டர். பழைய வண்டிதானே."

"நாலாவது கியருக்கு எண்டு கியர் தண்டிலை ஒரு பொத்தான் இருக்க வேணுமே?"

"வரும்போதே கைப்புடி ஒடஞ்சுதாங்க வந்துச்சு. நான்தான் தேயில கட்டையில ஒண்ணு கடஞ்சு போட்டிருக்கேன்."

மாஸ்டர் சிரித்தார். "அப்ப சாட்சியையும் நீங்களே அழிச்சுப் போட்டியள். சரி, ஒண்டு செய்யுங்கோ. கீழை எண்ணெய்த் தட்டு இருக்கு. அதைச் சுத்திப் போல்ட் எத்தினை எண்டு எண்ணுங்கோ. நாலு கியர் எண்டால் இருவது. இந்தப் படத்தைப் பாருங்கோ. பதினாலு எண்டால் அது மூண்டு கியர், வேறை எஞ்சினுக்குப் போடுறது. தகடு ஒட்டினது; தட்டு கூடப் பிறந்தது. எண்ணிப்போட்டு எனக்கு வந்து சொல்லுங்கோ. சொல்லாமல் கொழும்புக்குப் போகாதையுங்கோ."

மேலும் சில விஷயங்கள் சொன்னார். பழைய பொக்ஸைத் திருத்துவதைவிட, பலமான ஒன்றை மாற்றிப் போடுவதும், எண்ணெயைக் குளிர்விக்க முன்னால் தனியாக ஒரு கூலர் வைப்பதும் மலைக்கு நல்லது. நாலு கியரைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரலிலேயே ஒரு ஆசை இருந்தது. அந்த ஆசை அழகனுக்கும் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் பதினாலு என்ற இலக்கத்தை நினைக்கவில்லை. நாலாவது கியரை நினைத்தான். ஐந்து வருடமாகத் தன் கைக்கடியில் செத்துக் கிடந்து, ஒரு நாளும் கேட்காத சத்தம் அது.

கூலரை முதலில் போட்டான். உடைந்த லொறி ஒன்றிலிருந்து கழற்றியது. குழாயை வளைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் கட்டி, கறுத்த எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினான். ஒன்பது நாள் வண்டி மேப்பிரிவு ஏறியது. பத்தாம் நாள் கோயில் வளைவில் நின்றுவிட்டது. கொழுந்துச் சாக்கை இறக்கி ஆட்கள் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். "இந்தா பாருங்க, பிக்கப்புக்கு நாங்க பிக்கப்பு" என்று ஒரு பெண் சாக்கோடு கடந்துபோகும்போது சொன்னாள்.

அன்று மத்தியானம் வண்டிக்கடியில் படுத்து எண்ணினான். பதினாலு. விரலால் தொட்டுத் தொட்டு இன்னொருமுறை. பதினாலு. ஒன்றில் சுண்ணாம்பு தடவிவிட்டு அங்கிருந்து தொடங்கிச் சுற்றி வந்தான். பதினாலு.

ஒரு பொருள் எதுவென்று எப்படி அறிவது? படித்தவர்கள் இந்தக் கேள்வியை வேறு இடங்களில் கேட்பார்கள். அழகனுக்கு அது வண்டிக்கடியில், மூக்கில் எண்ணெய் சொட்டும்போது வந்தது. மேலே தகடு ஒன்று சொல்கிறது. கீழே தட்டு வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் இருக்கின்றன. கண்ணால் காண்பதுதான் உண்மை என்று எவரும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்பவர் கண்ணால் கண்டதை வைத்து ஆபீஸில் ஒரு காரியமாவது சாதித்தவராக இருக்க வேண்டும்.

மீனம்மா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றினாள். அவன் சொன்னான்.

"பதினாலுன்னா பதினாலுதானே?" என்றாள் அவள். "என்ன யோசிக்கிறீங்க?"

"தகட்டுல எழுதியிருக்கில்ல. கம்பனிக்காரன் அடிச்சது. அவன் பொய்யா எழுதுவான்?"

"தட்டு பொய் சொல்லுமாக்கும்."

"தட்ட எவனாவது மாத்திப் போட்டிருப்பான்."

"இருவது ஓட்ட உள்ள எடத்துல பதினாலு ஓட்டத் தட்டு எப்படி உக்காரும்? எனக்கே வெளங்குது. என்னய வச்சு வெளையாடுறீங்களா?"

அவன் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தான். பிறகு, "இன்னைக்கு எத்தன கிலோ கொழுந்து எடுத்த?" என்று கேட்டான்.

"பத்தொம்பது."

"எழுதுனது?"

"பதினாறு. தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு நிறுக்கிறவன் வெட்டிட்டானே, பாவி."

"அப்ப நீ எடுத்தது எத்தன?"

"பதினாறு," என்றாள்.

"அதத்தான் சொல்றேன். கூடையில இருந்தது பத்தொம்பதுன்னு தராசு சொல்லுச்சு, நீ சொல்ற, நானும் சொல்றேன். யாருக்கு வேணும்? எழுதுனதுதான் கிலோ. நாளைக்கு ஆபீஸ்ல, எந்த பொக்ஸ் போட்ட, ஏன் போட்டன்னு கேட்டா, தகட்டக் காட்டலாம். போல்ட்ட எண்ணுனேன்னு சொல்ல முடியுமா? நீ யாருடா எண்ணுறதுக்குன்னு கேப்பாங்க."

"அதெல்லாம் சரிங்க. ஆனா வண்டிக்கு ஆபீஸ் தெரியாதே."

அவனுக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்றான். அவள் எழுந்து பைப்பைத் திறந்து பானை கழுவத் தொடங்கினாள்.

மாஸ்டரிடம் அவன் போகவில்லை. புதன்கிழமை தேயிலை ஏற்றிக்கொண்டு லொறி கொழும்புக்குப் போகிறது, அதை விட்டால் இரண்டு வாரம் பிந்தும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டான். காரணம் பொய்யல்ல. ஆனால் கொட்டகலைக்கு பஸ் திங்களும் ஓடியது, செவ்வாயும் ஓடியது.

லொறியில் கணேசமூர்த்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனான். கினிகத்தேனை தாண்டி, பொல்பிட்டிய பக்கம் இறங்கும்போது வெக்கை தொடங்கியது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க," என்றான் கணேசமூர்த்தி. "வண்டி சரி வந்தா எனக்கென்ன வாங்கித் தருவீங்க? சரி வராட்டி நான்தான் ஒங்களுக்கு வாங்கித் தரணும். புது வண்டி என் கைக்குத்தானே வரும்."

"மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டு."

"ரோட்டத்தான் பாக்குறேன். நீங்கதான் என் காலயே பாத்துக்கிட்டு வாறீங்க. கிளச்ச மிதிக்கிறது அவ்வளவு அழகாவா இருக்கு?"

அழகன் பார்வையை எடுத்துக்கொண்டான். அவன் பார்த்தது உண்மைதான்.

அவிசாவளைக்குப் பிறகு ஒரு செக்பொயின்ட். இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். சிப்பாய் அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தான், கொஞ்சம் தடக்கி. "ஓவ், மாத்தயா" என்று சிங்களத்தில் ஆமாம் போட்டான் அழகன். சிப்பாய் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அந்தப் படத்தில் இருப்பவன் இவன்தான். பெயர் மட்டும்தான் வேறொருவனுடையது. பெயரை மட்டும்தான் அவன் படித்தான்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடைக்குக் கடை கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் வீதிவரை குவிந்திருந்தன. நாலாவது கடையில், தாளைப் பார்த்த மனிதர் தலையாட்டினார். சிங்களவர், கொழும்புத் தமிழ் பேசினார். உள்ளே கூட்டிக்கொண்டு போய் தார்ப்பாயை விலக்கினார். இரண்டு பொக்ஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, பன்றிக்குட்டிகள் மாதிரி. ஒன்று நீளம், ஒன்று கட்டை.

"நீ சொல்ற நம்பர் இது," என்று நீளமானதைக் காட்டினார். "நாலு கியர். ஆனா பழைய பிக்கப்ல நெறைய இதுதான் வரும்," என்று கட்டையானதைக் காட்டினார். "நீ கீழ தட்டு, பேன் போல்ட் எண்ணினதா?"

அழகன் குனிந்து கட்டைப் பொக்ஸின் தட்டைத் தொட்டான். விரல் தானாகவே விளிம்பைச் சுற்றிப் போயிற்று. மூலையில் இரண்டு, நீள விளிம்பில் நாலு, வளைவில் ஒன்று. எண்ணத் தேவைப்படவில்லை. மூன்று நாளாக முகத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த தட்டு அது. இருட்டில் வைத்தாலும் தெரியும்.

"இதுவா, அதுவா? சொல்லு. கொண்டு போனா திருப்பி எடுக்க மாட்டேன். அப்புறம் வந்து அழக் கூடாது."

பின்னால் கணேசமூர்த்தி ஏதோ ஒரு லொறி ஹோர்னை எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். அழகன் நிமிர்ந்தான். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து விரித்து, நீளமான பொக்ஸின் பக்கவாட்டில் அடித்திருந்த எழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். எல்லாம் ஒத்துவந்தன. ஒரு எழுத்தும் பிசகவில்லை. அவ்வளவு சரியாக ஒத்துவந்த ஒன்றை அவன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"இதுதாங்க," என்றான்.

பழைய பொக்ஸை இறக்க ஒரு நாள். ஃபெக்டரி கராஜில் செயின் புளொக் கட்டி, கணேசமூர்த்தி கீழே, அழகன் மேலே. இறக்கியதும் அழகன் அதைத் திறந்து பார்த்தான். உள்ளே கியரைப் பிடித்துக்கொள்ளும் பிடிவட்டுகளின் மேல்தோல் உரிந்து பொடியாகியிருந்தது. மூன்று அடுக்கு. நாலாவது கியருக்கான அடுக்கு எங்கே என்று தேடினான். அதற்கு இடமே இல்லை. செத்துக் கிடக்கவுமில்லை. அது ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்போதே அவனுக்கு விளங்கியது. "தூக்கு, புதுசத் தூக்கு," என்றான்.

தூக்கினார்கள். பொக்ஸின் மணிபோல் விரிந்த முகப்பு எஞ்சினின் முதுகோடு சேர வேண்டும். மேலே இருந்த இரண்டு துளைகள் நேராக வந்தன. மற்றவை ஒன்றும் வரவில்லை. ஒரு பக்கம் ஒரு விரல் இடைவெளி, மறுபக்கம் அரை விரல்.

"கொஞ்சம் சாய்ங்கண்ணே," என்றான் கணேசமூர்த்தி. சாய்த்தார்கள். "இன்னும் கொஞ்சம்." பிறகு கீழேயிருந்து எழுந்து வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அந்த இடைவெளியைப் பார்த்தான். அவனிடம் கேலி ஒன்றும் இல்லாமல் போனது அழகனுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"இப்பவே ஒண்ணும் சொல்லாதீங்க ஆபீஸ்ல," என்றான் கணேசமூர்த்தி மெதுவாக. "அடுத்த வாரம் நான் கொழும்புக்குப் போறேன். அந்தக் கட்டையக் கேட்டுப் பாக்குறேன். கடக்காரன் மாத்தித் தந்தாலும் தருவான்."

அவன் போய்க் கேட்டது உண்மை. கட்டையானது விற்றுப்போயிருந்தது. கண்டிப் பக்கத்து ஆள் ஒருவர் முந்தின நாள்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் பஸ் பிடித்து வந்தார். யார் சொல்லியனுப்பினார்கள் என்று தெரியவில்லை, மீனம்மாவாக இருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சினின் பக்கத்தில் அடித்திருந்த இலக்கத்தை டோர்ச் அடித்துப் படித்தார். பிறகு வண்டியின் தரையில், சீட்டுக்குப் பின்னால், கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஒட்டு வேலை ஓடியிருந்தது.

"ரெண்டு வண்டியை வெட்டி ஒண்டாக்கின சாமான் இது. ஒண்டின்ரை உடம்பு, மற்றதின்ரை எஞ்சினும் பொக்ஸும். தகடு உடம்போடை வந்திருக்கு," என்றார். "அந்தத் தகடு பொய் சொல்லேல்லை. அது வேறை வண்டியைப் பற்றிச் சொன்னது."

அழகன் தலையை ஆட்டினான்.

"போல்ட்டை எண்ணினனீங்களோ?"

"எண்ணினேங்க."

"எத்தினை?"

"பதினாலு."

மாஸ்டர் டோர்ச்சை அணைத்தார். "பிறகு ஏன்?" என்றார்.

"தகட்டுல எழுதியிருந்துச்சுங்க."

இதைக் கேட்டு அவர் கோபப்பட்டிருக்கலாம். படிக்காத ஆட்களின் முட்டாள்தனம் என்று நினைத்திருக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, மீனம்மா கொடுத்த தேத்தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, பிந்தினால் பஸ் இல்லை என்று போய்விட்டார்.

கம்பனியின் ஒரே தரம் அந்த நீளமான பொக்ஸோடு முடிந்துவிட்டதால், பழைய பொக்ஸையே திரும்பப் பூட்டினான். புது எண்ணெய் ஊற்றினான். சமதரையில் நகர்ந்தது. சித்திரை லீவுக்கு இரண்டு நாள் முன்பு துரை ஜீப்பில் பின்னால் வர, சாக்கு இல்லாமல், ஆளில்லாமல், வெறும் வண்டியாக மேப்பிரிவுக்கு ஏற்றினான். கோயில் வளைவுவரை போனது. அங்கே சத்தம் போட்டுவிட்டு மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். துரை இறங்கி வந்து ஜன்னலோரம் நின்றார்.

"தகட்டப் பாத்துத்தாங்க வாங்கினேன்," என்றான் அழகன். தாளை எடுத்து நீட்டினான்.

துரை அதை வாங்கிப் பார்த்தார். நேர்மையாகவே பார்த்தார். "சரிதான், பழனியாண்டி. உன்மேல பிழை இல்ல," என்றார். "நான் ஆபீஸ்ல எழுதிக்கிறேன்." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கைபிரேக் போட்டுட்டு எறங்கு," என்றார்.

பிழை இல்லை என்று எழுதப்பட்டது. வண்டி டென்டருக்குப் போயிற்று. ஜூன் மாதம் கிளச் வண்டி வந்தது, வெள்ளை நிறம். டிரைவர் வீட்டைக் கணேசமூர்த்தி கேட்கவில்லை. ஆபீஸ் தானாகவே கொடுத்தது. வீடு மாறும் நாளில் அவன் வந்து சாமான் தூக்கிக் கொடுத்தான். கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் வேணாம்னு சொன்னா வேற எவனாவது வருவான்," என்றான்.

"தெரியும். தூக்கு," என்றான் அழகன்.

மீனம்மா பைப்பை இறுக்கி மூடிவிட்டு வந்தாள். சொட்டியதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. லயத்தில் அவர்களுக்கு ஏழாம் காம்பரா, ஒற்றை அறை, கிடைத்தது.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பெயர் வாசித்தார். பழனியாண்டி, நாற்று மேடை. உட்கார்ந்த இடத்தில் சின்னப் பொலித்தீன் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை. பிள்ளை பெற்றுத் திரும்பிய பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கொடுப்பது. அவன் மண்குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பையை விரித்துப் பிடித்து நிரப்பத் தொடங்கினான். பக்கத்தில் இருந்த காளியாயி அவனுடைய பைகளைப் பார்த்து, "அடிச்சு அடிச்சுப் போடுங்க, மண்ணு எறங்குனாத்தான் கணக்குல எடுப்பாங்க," என்று சொல்லிக்கொடுத்தாள்.

பத்து மணிக்கு மேலே ரோட்டில் புது பிக்கப் மேப்பிரிவுக்குப் போகும் சத்தம் கேட்டது. ஏற்றம் தொடங்கும் இடம். கணேசமூர்த்தி இன்னும் இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டிருந்தான். எஞ்சின் திணறியது. அழகனுடைய கை நின்றது. இல்லாத இடது பாதம் கிளச்சைத் தேடிக் கீழே அழுத்தியது. முழுப் பாதமும், விரல்கள்கூட. சத்தம் ஒரு கணம் விட்டு, கீழ் கியருக்கு விழுந்து, வண்டி ஏறிப் போயிற்று. பாதம் மெல்ல மேலே வந்தது.

"என்னண்ணே, நிப்பாட்டிட்டீங்க?" என்றாள் காளியாயி.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு."

அவள் அவன் மடக்கியிருந்த வலது காலைப் பார்த்து, "நீட்டி உக்காருங்க," என்றாள். அவன் நீட்டி உட்கார்ந்துகொண்டு அடுத்த பையை எடுத்தான்.